வெப்பமானி சொல்லாததை யார் சொல்வார்கள்?

திருவனந்தபுரத்து அலுவலகம் ஒன்றில் கை கழுவக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரின் பூர்வீகம் அநேகமாக வித்துரா என்ற மலைப் பஞ்சாயத்துப் பக்கம்தான். அகத்தியமலைச் சரிவுகளில் பெய்யும் மழையைக் கரமனை ஆறு இறக்கிக் கொண்டுவருகிறது. வித்துராவை அடுத்த பேப்பாறையில் 1983-இல் எழுந்த அணை அதைத் தேக்கிவைக்கிறது. கீழே அருவிக்கரையில் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். தலைநகரின் குடிநீருக்காகவே கட்டிய அணை அது. அணைக்கு மேலே இருக்கும் காடு அதே ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரக் காடுகளை ஒட்டிக் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன.

நகரத்தில் ஒரு பழைய அலுவலகத்தைச் சூழலுக்கு ஏற்றபடி புதுப்பிக்கப் போகிறோம், மக்களிடம் கருத்துக் கேட்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், 'எந்த மக்களிடம்?' என்ற கேள்வி இங்கிருந்தே தொடங்குகிறது. உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் வந்து காத்திருப்பவர்கள், தரை துடைப்பவர், இரவுக் காவலர், பக்கத்துத் தெருக்காரர்கள், ஆற்றின் மேல்பகுதியில் வாழ்பவர்கள் என எல்லோருக்கும் அந்தக் கட்டடத்தில் ஏதோ ஒரு பங்கு உண்டு.

பொதுவாக இந்தக் கருத்துக் கேட்பு ஒரு சடங்காகவே நடக்கிறது. கூட்டம் போடுவார்கள், டீ வரும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். திட்டம் அதற்கு முன்பே முடிவாகியிருக்கும். மக்களைக் கேட்பது மரியாதைக்காகவோ அரசியலுக்காகவோ செய்யும் காரியம், கட்டடத்தை அளப்பது பொறியியல், இரண்டும் வேறுவேறு என்ற நினைப்பு இதன் அடியில் இருக்கிறது. கட்டட அறிவியலின் கடந்த ஐம்பது ஆண்டு வரலாறு அந்த நினைப்பை ஏற்பதில்லை. ஒரு கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை அளக்கும் கருவிகளில் மனிதரும் ஒரு கருவி. அவரை விட்டுவிட்டு எடுத்த அளவு அரைகுறை அளவு.

இடிப்பதா, திருத்துவதா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிமென்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடுகிறார்கள். கால்சியம் கார்பனேட் பிரிந்து சுண்ணாம்பாகிறது, மீதி கரியமில வாயுவாகப் போய்விடுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ வாயு வெளியேறும். சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை இதற்கு மேல். உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது.

நாற்பது ஆண்டுக்கு முன் கட்டிய அலுவலகத்தின் தூணுக்கும் தளத்துக்கும் இந்தச் செலவை ஏற்கெனவே செய்தாகிவிட்டது. இடித்துவிட்டு அதே இடத்தில் 'பசுமைக் கட்டடம்' எழுப்பினால் அந்தச் செலவை இன்னொரு முறை செய்கிறோம். எலும்புக்கூடு நன்றாக இருக்கும்வரை திருத்துவதே பெரும்பாலும் லாபம்.

எதைத் திருத்துவது என்பதில்தான் சறுக்கல் வருகிறது. எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் ஏசி, கூரையில் சூரியத் தகடு, ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி. இந்தப் பட்டியலை எந்தக் கட்டடத்தையும் பார்க்காமலே எழுதிவிடலாம். டெண்டர் விடவும் எளிது. ஆனால் அந்தக் கட்டடத்தில் மின்சாரம் ஏன் வீணாகிறது என்பது பட்டியலில் இருக்காது. ஜன்னலை ஏன் சாத்தியே வைத்திருக்கிறார்கள்? சாலை இரைச்சலா, மாலைக் கொசுவா? அல்லது இடம் போதாமல் ஜன்னலை அடைத்து நிறுத்திய கோப்பு அலமாரியா? வெளியே வெயில் காயும்போது உள்ளே ஏன் விளக்கு எரிகிறது? கணினித் திரையில் கண் கூசுகிறது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டதாலா? மின்விசிறியை ஏன் குறைத்து வைத்திருக்கிறார்கள்? காகிதம் பறக்கிறது என்பதாலா? காரணத்துக்குக் காரணம் மருந்து வேறு. கொசுவுக்காகச் சாத்திய ஜன்னலுக்கு வலை வேண்டும், இரைச்சலுக்காகச் சாத்தியதற்கு வலை எந்தப் பயனும் தராது. இரண்டுக்கும் மின்கட்டண ரசீதில் ஒரே எண்தான் தெரியும்.

ஒரே வெப்பநிலை, இரண்டு வெக்கை

உட்கார்ந்து வேலை செய்யும் மனித உடம்பு ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அது எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதைப் பொறுத்தே இதமும் புழுக்கமும். டென்மார்க் அறிவியலாளர் ஃபேங்கர் 1970-இல் இதற்கு ஆறு காரணிகளைக் கணக்கில் கட்டினார்: காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சு, காற்றோட்ட வேகம், ஈரப்பதம், உடுத்திய உடை, செய்யும் வேலை. சுவரில் தொங்கும் வெப்பமானி இந்த ஆறில் முதலாவதை மட்டுமே சொல்கிறது.

கேரளக் கடற்கரை நகரத்தில் மற்றவையும் பெரிய புள்ளிகள். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடம்பிலிருந்து சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிகிறது. வழிந்த வியர்வையால் உடம்பு குளிராது. தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றின் படலத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தால்தான் ஆவியாதல் நடக்கும். மின்விசிறி செய்யும் வேலை அதுதான். அது அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைக் குளிர்விக்கிறது. பழைய விசிறிக்கு 75 வாட், புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவு போதும். ஏசிக்குத் தேவைப்படுவதோ ஆயிரம் வாட்டுக்கும் மேல்.

மாடிக் கதை வேறு. மொட்டை மாடியின் கான்கிரீட் தளம் காலையிலிருந்து வெயிலை உறிஞ்சி, சில மணி நேரம் கழித்து அதை அடியில் இருப்பவர் தலைமேல் இறக்குகிறது. பிற்பகலில் தளத்தின் அடிப்பரப்பு உடம்பின் சூட்டையே தாண்டக்கூடும். காற்று வெப்பநிலை 29 டிகிரி என்று இரண்டு மாடியிலும் காட்டினாலும், மேல்மாடியில் இருப்பவர் உச்சி காய்கிறது என்பார், கீழ்மாடியில் இருப்பவர் பரவாயில்லை என்பார். இருவர் சொல்வதும் சரி. மேல்மாடிக்காரருக்கு ஏசி வாங்கித் தருவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து தருவது. அவருக்கு வேண்டியது தளத்துக்கு மேல் நிழல்.

கேரளத்தில் இதற்கு மக்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மழையில் ஒழுகும் கான்கிரீட் மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் நிறுத்தித் தகரக் கூரை போடுகிறார்கள். ஊரெல்லாம் இதற்கு 'ட்ரஸ் வேலை' என்று பெயர். ஒழுகலுக்காகப் போட்டதுதான், ஆனால் இடையில் காற்று ஓடினால் தளத்துக்கு நிழலும் கிடைக்கிறது. வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சும் நல்ல வழிதான், ஆனால் நீண்ட மழைக்காலத்தில் பாசி படிந்து கறுத்துவிட்டால் அதன் பயன் குறையும். ஆண்டுதோறும் யார் தேய்த்துக் கழுவப் போகிறார்கள் என்பதையும் கூடவே கேட்டாக வேண்டும். அதற்குப் பதில் தெரிந்தவர் கட்டடக் கலைஞர் அல்ல, அந்தக் கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர்.

சட்டத்தை மாற்றிய 6,330 பதில்கள்

ஃபேங்கரின் கணக்கு ஆய்வக அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து எடுத்தது. வாழும் இடத்தில் மக்கள் அப்படி இருப்பதில்லை. சட்டைப் பொத்தானைத் தளர்த்துகிறார்கள், ஜன்னலைத் திறக்கிறார்கள், விசிறிக்கு நேரே நாற்காலியை நகர்த்துகிறார்கள். உடம்பும் பழகிக்கொள்கிறது. 1974-இல் பிரிட்டன் ஆய்வாளர் நிக்கல், ரூர்க்கியிலும் பாக்தாதிலும் மக்களிடம் கேட்டுத் திரட்டிய பதில்களை அலசி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பியக் கணக்குப்படி தாங்க முடியாத வெப்பநிலைகளில், விசிறி சுழன்றுகொண்டிருந்தால், அங்கே பலர் சௌகரியமாகவே இருந்தார்கள்.

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்தது அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம். அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் அலுவலகங்களில், மூன்று பருவங்களில், வேலையில் இருப்பவர்களிடமே போய், இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அதே நேரத்தில் அவர்கள் மேசைப் பக்கத்தில் வெப்பம், ஈரம், காற்று வேகம் எல்லாவற்றையும் அளந்தார்கள். சேர்ந்த பதில்கள் 6,330. இதிலிருந்து பிறந்ததுதான் 'ஐமேக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய வெப்ப இதக் கணக்கு.

அது சொல்வது எளிது. இயற்கைக் காற்றோட்டமுள்ள அலுவலகத்தில், கடந்த முப்பது நாள் வெளி வெப்பநிலையின் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால், உள்ளே இருப்பவர்களுக்கு இதமான வெப்பநிலை வரும். திருவனந்தபுரம் போன்ற ஊரில் வெளிச் சராசரி 28 என்றால், உள்ளே இதம் கிட்டத்தட்ட 28. அதற்கு 2.4 டிகிரி மேலோ கீழோ போனாலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்கிறார்கள். தேவைப்படும்போது மட்டும் ஏசி போடும் கட்டடத்தில் அதே வெளி வெப்பத்துக்கு இதம் 25.7 டிகிரி. ஏசிக்குப் பழகினால் எதிர்பார்ப்பே இறங்கிவிடுகிறது என்பதையும் பதில்கள் காட்டிக்கொடுத்தன. முழுநேர ஏசி அலுவலகங்களோ ஆண்டு முழுவதும் 22, 23 டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தன.

இந்தக் கணக்கு 2017-இன் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. 2020 ஜனவரி முதல் புதிய அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டும் என்ற மத்திய அரசு விதியும் வந்தது. ஏசியின் அளவை ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்பது ஆற்றல் திறன் பணியகத்தின் மதிப்பீடு. சாதாரண அலுவலகப் பணியாளர்கள் தாளில் குறித்துக் கொடுத்த பதில்கள் ஒரு நாட்டின் கட்டட விதிக்குள் போயிருக்கின்றன. கருத்துக் கேட்பால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

யாருடைய பதில்?

கேட்பதிலும் முறை இருக்கிறது. 'உங்கள் அலுவலகத்தில் வெப்பநிலை திருப்தியா?' என்று பொதுவாகக் கேட்டால், போன வாரம் கெட்டுப்போன ஏசியின் எரிச்சலும் மேலதிகாரி மேலுள்ள கோபமும் சேர்ந்து பதிலாக வரும். 'இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்டு, மிகக் குளிர் முதல் மிக வெக்கை வரை ஏழு படிகளில் குறிக்கச் சொல்ல வேண்டும். கூடவே, 'இதைவிடக் குளிர்ச்சி வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா?' என்று தனியாகக் கேட்க வேண்டும். 'கொஞ்சம் குளிர்' என்று குறித்தவரைக் குறைசொல்பவர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. நம் ஊரில் அவர்தான் மிகவும் மகிழ்ச்சியாக இருப்பவர். மார்ச் வெயிலில் ஒருமுறை, ஜூன் மழையில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை கேட்க வேண்டும். பெயர் எழுதச் சொல்லக் கூடாது.

சராசரி எடுப்பதிலும் ஏமாற்று உண்டு. அலுவலக ஏசிகளை அமைக்கப் பயன்பட்ட கணக்கு, நாற்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஆணின் உடம்பை வைத்துப் போட்டது. பெண்களின் உடம்பு உண்டாக்கும் வெப்பத்தை அது 35 விழுக்காடு வரை கூட்டி மதிப்பிடக்கூடும் என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பல அலுவலகங்களில் பெண்கள் ஏசிக்குக் கீழே துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்வதன் காரணம் ஓரளவு இந்தக் கணக்கில் இருக்கிறது.

நம் அரசு அலுவலகங்களில் இன்னொரு சிக்கல், குளிர்ச்சி பதவியோடு ஒட்டிக்கொண்டிருப்பது. அதிகாரி அறைக்கு ஏசி, கூடத்துக்கு விசிறி, நடைபாதையில் காத்திருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் முதலில் பேசுபவர் அதிகாரி, அவருக்கு எதிரில் எழுத்தர் என்ன பேசிவிடப் போகிறார்? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தவர் வாய் திறக்க முடியாத கூட்டத்தில் அதுவும் யாருக்கும் தெரியாது. எனவே மேசைக்கு மேசை, ஷிப்டுக்கு ஷிப்டு, தாள் கொடுத்துக் கேட்பதே சரியான அளவீடு. வெவ்வேறு மாடிகளின், வெவ்வேறு திசை ஜன்னல்களின் பதில்களைத் தனித்தனியாகப் பார்த்தால், எந்த மூலையில் கோளாறு என்று வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

பிரிட்டனில் 1995 முதல் 2002 வரை நடந்த 'புரோப்' ஆய்வுகள், குடியேறிய பிறகு கட்டடங்கள் எப்படி இயங்குகின்றன என்று போய்ப் பார்த்தன. வரைபடத்தில் சொன்னதைவிட அதிக மின்சாரம் செலவாகும் கட்டடங்கள் நிறைய இருந்தன. பயன்படுத்துபவருக்குப் புரியாத தானியங்கிக் கருவிகள் ஒரு முக்கியக் காரணம். மாறாக, ஜன்னலையும் சுவிட்சையும் தாமே இயக்க முடிகிற இடங்களில் மக்கள் சிறு அசௌகரியங்களைப் பொறுத்துக்கொண்டார்கள். கைக்கெட்டும் சுவிட்ச் மின்சாரத்தை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, மனிதரின் பொறுமையையும் நீட்டிக்கிறது.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இங்கிலாந்தில் பிறந்து இந்த நகரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், வரைபடத்தை மேசையிலேயே முடித்துவிடமாட்டார். தளத்தில் நின்று கொத்தனாரோடும் குடியிருக்கப் போகிறவரோடும் பேசித் திருத்திக்கொண்டே கட்டுவார். உள்ளூரில் அவர் வடிவமைத்த வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில், செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்கள் கூசாத வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விடுகின்றன, மழையையும் நேர் வெயிலையும் பெருமளவு வெளியே நிறுத்துகின்றன. அங்கே ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்ற சண்டைக்கே இடம் குறைவு.

சுவருக்கு வெளியே இருப்பவர்கள்

உள்ளே இருப்பவர்களைக் கேட்க ஆய்வு முறை இருக்கிறது. வெளியே இருப்பவர்களைக் கேட்கக் கேரளத்தில் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 17-ஆம் நாள் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கத்தின்போது மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தார்கள். எதற்குச் செலவழிப்பது என்ற பேச்சைக் கிராம சபையில் தொடங்கினார்கள். 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி கேரளத்தில் ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒருவராவது வர வேண்டும். பழங்குடியினருக்குத் தனியாக ஊருக்கூட்டம் உண்டு. வித்துரா போன்ற மலைப் பஞ்சாயத்துகளில் இரண்டும் நடக்கின்றன. நகரத்தில் வார்டு அளவில் சபைகளும் கமிட்டிகளும் இருக்கின்றன.

அலுவலகக் கட்டடத்தை இந்தச் சபைகளில் விவாதிப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அங்கே வந்து போகிறவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. மழையில் வரிசை எங்கே நிற்கிறது, சக்கர நாற்காலி எந்தப் படியில் நின்றுவிடுகிறது, கைக்குழந்தையோடு வருபவர் எங்கே உட்காருகிறார், கழிப்பறை பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறதா? கவுன்ட்டர் தரைத்தளத்துக்கு வந்தால் லிப்டின் ஓட்டம் குறையும், மின்சாரமும் குறையும். மக்களின் வசதியும் ஆற்றல் சேமிப்பும் ஒரே திருத்தத்தில் கிடைக்கும் இடங்கள் இப்படி நிறைய உண்டு.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் கூரை, ஆண்டு மழை 1,500 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம், வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகட்டும். அப்போதும் 6 லட்சம் லிட்டர் கைக்குக் கிடைக்கிறது. முழுவதையும் சேமிக்கத் தொட்டி கட்ட முடியாது. ஆனால் இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், பல மாதங்களுக்குக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் ஒரு நடுத்தரத் தொட்டியே பெரிதும் கைகொடுக்கும். பழைய பத்து லிட்டர் ஃபிளஷ் தொட்டியை ஆறு, மூன்று லிட்டர் என இரண்டு பொத்தான் உள்ளதாக மாற்றினால் தேவையும் பாதிக்கு அருகில் இறங்கும். அவ்வளவு தண்ணீரை அருவிக்கரையில் சுத்திகரித்து நகரத்துக்கு ஏற்றும் மின்சாரம் மிச்சமாகும். கோடையில் பேப்பாறையில் அவ்வளவு நீர் கூடுதலாக நிற்கும். மேட்டுப் பக்கம் வாழ்பவர்களைக் கேட்பதற்கு நியாயம் இங்கே இருக்கிறது. நகரம் அளக்காமல் எடுக்கும் பொருளின் விலையை அவர்கள் அறிவார்கள்.

மக்கள் கேட்பதெல்லாம் சரியாக இருக்கும் என்று பொருளல்ல. 'எல்லா அறைக்கும் ஏசி' என்பது பல இடங்களில் முதல் கோரிக்கையாக வரும். அதை மறுத்துப் பேசிப் பயனில்லை. ஒரு மாடியில் மட்டும் கூரைக்கு நிழல், நல்ல விசிறிகள், ஜன்னல் வலை ஆகியவற்றைப் போட்டு ஒரு கோடை பார்க்கலாம். இன்னொரு மாடியை அப்படியே விட்டுவைத்து, இரண்டிலும் அதே ஏழு படித் தாளைக் கொடுக்கலாம். வாதத்தைவிடச் சோதனைக்கு மதிப்பு அதிகம், முடிவு யார் பக்கம் போனாலும் ஏற்கும் மனம் இருந்தால். உள்ளே இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 2009-இலிருந்து புதுப்பித்தபோது, 6,514 ஜன்னல்களைத் தூக்கியெறியாமல் அதே கட்டடத்தில் பட்டறை போட்டுத் திருத்தினார்கள். ஆற்றல் செலவை 38 விழுக்காடு குறைப்பது திட்டம். அந்தச் சேமிப்பில் பாதிக்கு மேல் வாடகைக்கு இருக்கும் நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது என்று கணக்கு காட்டியது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் அந்த எண்ணை எட்ட வழியே இல்லை.

கட்டடம் திறந்த நாளோடு கேட்பதும் முடிந்துவிடுவதுதான் இந்தத் துறையின் பெரிய பலவீனம். ரிப்பன் வெட்டியபின் யாரும் திரும்பிவந்து தாள் கொடுப்பதில்லை. கேரளச் சட்டத்தில் கிராம சபை பற்றி ஒரு சிறிய விதி இருக்கிறது: சபையின் முடிவு எதையாவது நிறைவேற்ற முடியாமல் போனால், ஏன் முடியவில்லை என்று தலைவர் சபையில் சொல்ல வேண்டும். அந்த விதியைப் புதுப்பித்த கட்டடங்களுக்கும் நீட்டினால் போதும். ஓராண்டு கழித்து அதே மேசைகளில் அதே கேள்விகள், வாசல் பலகையில் மாத மின்சார, தண்ணீர்க் கணக்கு, கேட்டவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்ற பட்டியல். செலவு சில கட்டுத் தாள். கிடைப்பது அடுத்த கட்டடத்தில் அதே தவறைச் செய்யாமல் இருக்கத் தேவையான தரவு.